நகல் எடுத்தவர் எதைத் திருடினார்?

1976இல் இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவரின் கையில், அந்த ஜூன் மாதம் நடக்கவிருந்த சிவில் இன்ஜினியரிங் தேர்வின் வினாத்தாள் சிக்கியது. அச்சடிப்பதற்கு முந்தைய புரூஃப் அது. கேள்விகளைப் படித்துக்கொள்வதுதான் அவர் நோக்கம். தாளை வைத்துக்கொள்ளும் எண்ணம் அவருக்கு இல்லை. மாட்டிக்கொண்டார்.

வழக்குப் போட்டவர்களுக்கு ஒரு தலைவலி காத்திருந்தது. இங்கிலாந்தின் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டப்படி, ஒரு பொருளை உரியவரிடமிருந்து நிரந்தரமாகப் பறிக்கும் எண்ணம் இருந்தால்தான் அது திருட்டு. தாளைத் திருப்பி வைக்க நினைத்தவரை அந்தத் தாளுக்காகத் தண்டிக்க முடியாது. அதனால் குற்றச்சாட்டை வேறு மாதிரி எழுதினார்கள். பல்கலைக்கழக செனட்டுக்குச் சொந்தமான 'ரகசியத் தகவல்' என்ற, கண்ணுக்குத் தெரியாத சொத்தை இவர் திருடிவிட்டார் என்றார்கள். மாஜிஸ்திரேட் ஏற்கவில்லை. மேல்முறையீடு போனது. 1978இல் உயர் நீதிமன்ற அமர்வும் அதையே சொன்னது. மாணவர் செய்தது மோசடி வேலை என்பதில் நீதிபதிகளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ரகசியத் தகவல், திருட்டுச் சட்டம் சொல்லும் சொத்து வகைக்குள் வராது என்று சொல்லிவிட்டார்கள். 'ஆக்ஸ்ஃபோர்டு எதிர் மாஸ்' என்ற பெயரில் சட்ட மாணவர்கள் இன்றைக்கும் படிக்கும் வழக்கு இது.

கேட்டவுடன் எரிச்சல் வரும். ராத்திரி பகலாகப் படித்த மாணவர்கள் இருக்கும்போது, கேள்வித்தாளை முன்கூட்டியே பார்த்தவர் திருடர் இல்லையாம். அந்த எரிச்சல் நியாயமானது. ஆனாலும் நீதிபதிகள் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். இன்றைக்குத் தரவுத் திருட்டு, கதைத் திருட்டு, வினாத்தாள் திருட்டு என்று தினமும் செய்தி படிக்கும் நமக்கு, அவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு பொருள் எனக்குச் சொந்தம் என்றால் என்ன அர்த்தம்? அது என்னிடம் இருக்கும் நேரத்தில் உங்களிடம் இருக்க முடியாது. நீங்கள் எடுத்துப் போனால் எனக்கு இல்லை. உலகத்தின் திருட்டுச் சட்டங்கள் பெரும்பாலும் இந்த அடிப்படையில்தான் எழுதப்பட்டவை. தகவல் இப்படி நடந்துகொள்வதில்லை. கொடுத்தால் குறையாது, கள்ளன் கொண்டுபோக மாட்டான் என்று கல்வியைப் பற்றி நம் பெரியவர்கள் சொல்லி வந்தது இந்தக் குணத்தைப் பற்றித்தான். லிவர்பூல் பல்கலைக்கழகத்திடம் எல்லாக் கேள்விகளும் அப்படியே இருந்தன. போனது 'வேறு யாருக்கும் தெரியாது' என்ற நிலைமை மட்டும்தான். அந்த நிலைமைக்கு மதிப்பு உண்டு, சில சமயம் கோடிக்கணக்கில் உண்டு. ஆனால் ஒருவர் அதைக் கெடுக்கலாமே தவிர, எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது.

இந்திய மண்ணில் அந்த மாணவர் தப்பியிருக்க மாட்டார். காரணம் வேறு. நம் தண்டனைச் சட்டத்தில் நிரந்தரமாகப் பறிக்கும் எண்ணம் தேவையில்லை. நேர்மையற்ற நோக்கத்தோடு, உரியவர் சம்மதமில்லாமல், பொருளை அவர் வசத்திலிருந்து நகர்த்தினாலே போதும். ராஜஸ்தானின் ஆல்வாரில் தலைமைப் பொறியாளர் அலுவலகக் கண்காணிப்பாளர் ஒருவர், ஓர் அரசுக் கோப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதிலுள்ள சில காகிதங்களை நண்பர் மாற்றிவைக்க வழிசெய்துவிட்டு, மறுநாள் அலுவலகத்தில் திருப்பிச் சேர்த்துவிட்டார். ஒரு நாள் வெளியே போய்வந்த கோப்பு திருட்டுப் பொருளா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 1960களின் தொடக்கத்தில் வந்த தீர்ப்பு, ஆமாம், திருட்டுதான் என்றது. தற்காலிகமாகப் பறித்தாலும் பறித்ததுதான்.

ஆக, நம் சட்டம் காகிதத்தைப் பிடித்துக்கொண்டே வெகுகாலம் ஓட்டிவிட்டது. தகவல் சொத்தா என்ற கேள்வியை நேருக்கு நேர் சந்திக்க வேண்டிய அவசியமே வரவில்லை. அந்தக் காலத்தில் தகவல் வேண்டுமென்றால் கோப்பைத் தூக்கியாக வேண்டும். செல்போன் கேமரா வந்த பிறகு அந்தப் பிடி நழுவிவிட்டது.

2024 மே 5 அன்று ஜார்க்கண்டின் ஹசாரிபாகில் நடந்ததைப் பாருங்கள். சிபிஐ விசாரணையின்படி, நீட் வினாத்தாள் பெட்டிகள் வைத்திருந்த பள்ளியின் கட்டுப்பாட்டு அறைக்குள் ஒருவரை உள்ளே விட்டார்கள். அவர் கருவிகளைக் கொண்டு பெட்டியைத் திறந்தார், ஒரு தாளை எடுத்துப் படம் பிடித்தார், பழையபடியே உள்ளே வைத்து மூடிவிட்டு வெளியே வந்தார். படங்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் எம்பிபிஎஸ் மாணவர்கள் உட்கார்ந்து விடை எழுதிக் கொடுத்தார்கள். பணம் கட்டியவர்கள் அதைப் படித்துவிட்டுத் தேர்வுக்குப் போனார்கள். ஹசாரிபாக், பாட்னா மையங்களைச் சேர்ந்த 155 மாணவர்களாவது இதனால் பயனடைந்ததாகத் தெரிகிறது என்று உச்ச நீதிமன்றம் ஜூலை 23 அன்று பிறப்பித்த உத்தரவில் குறிப்பிட்டது.

பெட்டியிலிருந்து தாளை எடுத்ததே பழைய சட்டப்படி திருட்டு, சரி. ஆனால் இந்தக் குற்றத்தின் கனம் அந்தத் தாளில் இருக்கிறதா? திருட்டு என்று எழுதினால் சொத்தை இழந்தவர் யார்? தேசியத் தேர்வு முகமை. அன்று தேர்வு எழுதிய 23 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. நீட் தேர்வே வேண்டாம் என்ற தமிழ்நாட்டின் வாதம் தனிக் கதை. அதை நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் ஒத்துக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டு. காசு கொடுக்க முடியாமல், கொடுக்க மனமில்லாமல் நேர்மையாக உட்கார்ந்து எழுதிய பிள்ளைதான் இங்கே இழந்தவள். அவள் இழந்தது எந்தச் சொத்தும் இல்லை, சமமான போட்டி.

நல்ல வேளையாக, நாடாளுமன்றம் இந்த விஷயத்தில் சரியான வழியில் போனது. 2024 ஜூன் 21 அன்று நடைமுறைக்கு வந்த பொதுத்தேர்வு முறைகேடு தடுப்புச் சட்டம், வினாத்தாள் யாருடைய சொத்து என்று கேட்பதே இல்லை. வினாத்தாளைக் கசியவிடுவது, விடைத்தாளைத் திருத்துவது என்று முறைகேடுகளையே நேரடியாகக் குற்றமாக்கி, கும்பலாகச் செய்தால் 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 1 கோடி ரூபாய் அபராதம் என்கிறது. ஹசாரிபாகில் நடந்தது இந்தச் சட்டம் வருவதற்கு முன்பு என்பதுதான் வருத்தம்.

அதே ஆண்டு ஜூலை 1 அன்று இன்னொரு மாற்றமும் நடந்தது. அதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில், அசையும் சொத்து என்பது பருப்பொருளாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. நிலமும் நிலத்தோடு பிணைந்தவையும் தவிர, எல்லா வகைச் சொத்தும் இனி அசையும் சொத்துக்குள் வரும். இதை வைத்து, தரவைத் திருடுவதும் இனிமேல் சாதாரணத் திருட்டு என்று வாதாடலாம், வாதாடுவார்கள். ஆனால் திருட்டுக்கான 303ஆவது பிரிவு இன்னமும் 'வசத்திலிருந்து எடுப்பது', 'நகர்த்துவது' என்றே பேசுகிறது. நகல் எடுக்கும்போது மூலம் யாருடைய வசத்திலிருந்தும் போவதில்லை. சொத்து என்ற கதவைத் திறந்துவிட்டார்கள், திருட்டு என்ற கதவு மூடியே இருக்கிறது. நீதிமன்றங்கள் இதை எப்படித் தீர்க்கப் போகின்றன என்பது சின்ன விஷயம் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் அனுமதியில்லாமல் தரவை நகலெடுப்பதை 43, 66ஆம் பிரிவுகளில் ஏற்கெனவே தண்டிக்கிறது. அந்தத் தனிச் சட்டம் இருக்கும்போது அதே செயலுக்குப் பொதுவான தண்டனைச் சட்டப் பிரிவுகளையும் சேர்த்துப் போட முடியாது என்று 2018இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு மென்பொருள் வழக்கில் தீர்ப்பளித்தது. எனக்கு அந்த வழி சரியாகப் படுகிறது.

ஏன் என்று சொல்ல டொராண்டோவுக்குப் போக வேண்டும். எண்பதுகளில் அங்கே கான்ஸ்டலேஷன் ஹோட்டலில் ஏறக்குறைய 600 தொழிலாளர்கள். அவர்களைச் சங்கத்தில் சேர்க்க ஒரு தொழிற்சங்கம் முயன்றது. பெயர், முகவரி, தொலைபேசி எண் எதையும் ஹோட்டல் நிர்வாகம் தர மறுத்தது. ஆலோசகர் ஒருவர், சங்கத்துக்காகப் பேசுகிறார் என்று தான் நம்பிய ஒருவருக்காக, ஹோட்டலின் காவலாளியிடம் போய் அந்தப் பட்டியலை எடுத்துத் தந்தால் பணம் தருவதாகச் சொன்னார். காவலாளி போய்ச் சொல்லிவிட்டார். திருட்டுக்குத் தூண்டியதாக ஆலோசகர் மேல் வழக்கு. விசாரணை நீதிமன்றம் விடுவித்தது, ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டித்தது, 1988இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் மறுபடி விடுவித்தது. ரகசியத் தகவலைத் திருட்டுக்குரிய பொருளாகக் கொள்ள முடியாது என்பதுதான் காரணம். பட்டியல் நகலான பிறகும் ஹோட்டலிடம் பட்டியல் இருக்கும். ரகசியம் என்பது ஒருவர் அனுபவிக்கும் நிலை, அவர் கையில் வைத்திருக்கும் பொருள் அல்ல.

இந்த வழக்கில் என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. அந்த 600 பேரின் வீட்டு முகவரி ஹோட்டலுக்குச் சொந்தமா, இல்லையா என்று மூன்று நீதிமன்றங்களில் வருடக்கணக்கில் வாதாடினார்கள். அந்த வீடுகளில் குடியிருந்தவர்களை வழக்கில் யாரும் ஒரு தரப்பாகக்கூட நினைக்கவில்லை. சங்கம் தங்களைத் தேடி வீட்டுக்கு வர வேண்டும் என்று அவர்களில் பலர் விரும்பியிருக்கலாம். சிலர் பயந்தும் இருக்கலாம். 'இது யாருடைய சொத்து' என்று கேட்கத் தொடங்கினால் பட்டியலைக் கையில் வைத்திருப்பவர்தான் கண்ணுக்குத் தெரிவார். பட்டியலுக்குள் இருப்பவர் மறைந்துபோவார்.

கையில் வைத்திருப்பவருக்கு வரும் அதிகாரமும் அளவு கடந்து போகும். தகவலே சொத்து என்றால், அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர் திருட்டுப் பொருளை வாங்கியவர். ஆலைக் கழிவு ஆற்றில் கலப்பதைக் காட்டும் உள் அறிக்கையைப் பத்திரிகையாளரிடம் கொடுத்த ஊழியர் திருடர், அச்சிட்ட ஆசிரியர் கூட்டாளி. பத்து வருடம் வேலை செய்த கம்பெனியை விட்டு வெளியே வரும் விற்பனைப் பிரதிநிதி, தன் தலையில் இருக்கும் வாடிக்கையாளர் பெயர்களை எங்கே போய் ஒப்படைப்பார்?

கம்பெனிகளுக்கு உண்மையான நஷ்டம் வருகிறதே என்று கேட்பீர்கள். வருகிறது. 2009 ஜூனில் அமெரிக்க முதலீட்டு வங்கியான கோல்ட்மன் சாக்ஸின் நிரலர் (கணினி புரோகிராமர்) ஒருவர், வேலையின் கடைசி நாளில், அதிவேகப் பங்கு வர்த்தகத்துக்கான மூல நிரலின் ஒரு பகுதியை ஜெர்மனியிலிருந்த ஒரு சர்வருக்கு ஏற்றினார். அடுத்து அவர் சேரவிருந்தது ஒரு போட்டி நிறுவனம். கீழ் நீதிமன்றம் எட்டு ஆண்டுக்குச் சற்று மேல் சிறை என்றது. 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுதலை செய்தது. 1934ஆம் ஆண்டுத் திருட்டுச் சொத்துச் சட்டம் சரக்குகளைப் பற்றியது, கையில் பிடிக்க முடியாத நிரல் சரக்கு இல்லை என்றது. வணிக உளவுச் சட்டத்தின் கீழ் போட்ட இன்னொரு குற்றச்சாட்டும், அந்தச் சட்டத்தின் வாசகம் இடம் தராததால் விழுந்தது. அமெரிக்க நாடாளுமன்றம் அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஓட்டையை அடைத்தது. எந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. வணிக ரகசியத்துக்கான சட்டத்தைத் திருத்தினார்கள். திருட்டுச் சொத்துச் சட்டத்தைத் தொடவில்லை. அந்த நிரலர் அப்புறமும் பல வருடம் நியூயார்க் மாநில வழக்கில் அலைந்தார் என்பது வேறு கதை. நம் நாட்டில் வணிக ரகசியத்துக்கென்று தனிச் சட்டமே இல்லை. 2024 மார்ச்சில் சட்ட ஆணையம் தன் 289ஆவது அறிக்கையில் ஒரு வரைவோடு அதைப் பரிந்துரைத்திருக்கிறது. நம்பிக்கையை மீறுவது, பூட்டை உடைப்பது, லஞ்சம் கொடுத்து வாங்குவது ஆகியவை தவறு என்று எழுதினால் போதும். தகவலுக்குப் பட்டா எழுதிக் கொடுக்கத் தேவையில்லை.

அப்படியானால் பதிப்புரிமை, பேட்டன்ட் என்ற கண்டுபிடிப்புக் காப்புரிமை எல்லாம் என்ன? அவை தகவலைச் சொத்தாக்கவில்லையா? பார்வைக்கு அப்படித்தான் தெரியும். ஆனால் பேட்டன்ட் 20 ஆண்டு, பதிப்புரிமை இந்தியாவில் எழுத்தாளர் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டும். வீட்டு மனைக்கு இப்படிக் காலாவதி கிடையாது. எழுத்தாளரும் கண்டுபிடிப்பாளரும் பிழைக்க வேண்டும் என்பதற்காக அரசு கொடுக்கும் தவணை உரிமை இது. அதுகூடத் தகவலைத் தொடுவதில்லை. மாகாணப் பற்றைப் பற்றிய தன் நாடகத்தைப் படமாக்கிவிட்டார்கள் என்று ஒரு நாடக ஆசிரியர் தொடுத்த ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில், 1978இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. கருவுக்கோ கதைப் பொருளுக்கோ வரலாற்று உண்மைக்கோ பதிப்புரிமை இல்லை. அதை ஒருவர் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு. கோடம்பாக்கத்தில் ஒவ்வொரு கதைத் திருட்டுச் சர்ச்சையும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முட்டி நிற்கிறது. ஒன்லைனைச் சொல்லிவிட்டுப் பறிகொடுத்த உதவி இயக்குநரின் வலி நிஜம். அதற்கு மருந்து, சொல்லும் இடத்தில் நம்பிக்கையைக் காக்கும் ஒப்பந்தமும், யார் எப்போது சொன்னார் என்ற பதிவும்தான். கருவுக்குச் சொந்தக்காரர் என்று ஒருவரை நிறுத்திவிட்டால், அடுத்து வரும் நூறு உதவி இயக்குநர்களுக்கு எழுதுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

மஞ்சள் கதை நமக்கு நன்றாகத் தெரிந்தது, ஆனால் அதைத் தப்பாகவே நினைவில் வைத்திருக்கிறோம். 1995இல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களுக்கு, காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்காக அமெரிக்க பேட்டன்ட் கிடைத்தது. நம் பாட்டி வைத்தியத்தைத் திருடிவிட்டார்கள் என்று இங்கே கொதித்தோம். அடுத்த ஆண்டு, அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் அமெரிக்க பேட்டன்ட் அலுவலகத்தில் மறு ஆய்வு கேட்டது; 1997இல் பேட்டன்ட் ரத்தானது. எந்த வாதத்தில் ஜெயித்தது? மஞ்சள் இந்தியாவின் சொத்து என்று சொல்லி ஜெயிக்கவில்லை. சமஸ்கிருத, உருது, இந்தி நூல்களையும், 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரையையும் காட்டி, இது ஏற்கெனவே ஊருக்கெல்லாம் தெரிந்தது, புதிதாக யாரும் உரிமை கொண்டாட முடியாது என்றுதான் ஜெயித்தது. பாட்டியின் மஞ்சளைக் காப்பாற்றியது, அது யாருக்கும் சொந்தமில்லை என்ற உண்மை. ஆயுர்வேதம், யுனானியோடு நம் சித்த மருத்துவச் சுவடிகளின் மருந்துக் குறிப்புகளையும் சேர்த்துத் தொகுத்த பாரம்பரிய அறிவு மின்நூலகமும் இதே தர்க்கத்தில்தான் வேலை செய்கிறது. உலக பேட்டன்ட் அலுவலகங்களின் ஆய்வாளர்கள் அதைத் திறந்து பார்த்து, இது பழையது, பேட்டன்ட் தர முடியாது என்று நிராகரிக்கிறார்கள்.

இப்போது நம் சொந்த விவரங்களுக்கு வருவோம். துணிக்கடையில் பில் போடும்போது "நம்பர் சொல்லுங்க" என்பார்கள். பின்னால் வரிசை நிற்கும், யோசிக்க நேரமிருக்காது, சொல்லிவிடுவோம். கொஞ்ச நாளில் மனை விற்பவரும் கடன் கொடுப்பவரும் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பிப்பார்கள். அந்தப் பட்டியலை ஊழியர் ஒருவர் பென் டிரைவில் ஏற்றி விற்றதாகத் தெரிந்தால் கடைக்காரர் என்ன சொல்வார்? "எங்கள் டேட்டாவைத் திருடிவிட்டார்கள்." டொராண்டோ ஹோட்டல் சொன்னதும் இதைத்தான்.

இதற்குப் பதிலாக, என் தரவு என் சொத்து என்று எழுதி வைத்துவிடலாம் என்று நல்லெண்ணத்தோடு சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சொத்தை விற்கலாம்; விற்றால் கதை முடிந்தது. பத்து சதவீதத் தள்ளுபடிக்குக் கையெழுத்துப் போட்டு விற்கச் சொல்வார்கள், பணத்துக்குத் தவிப்பவர்தான் முதலில் விற்பார். என் தொலைபேசி அழைப்புப் பட்டியல் என்னுடையது மட்டுமா, என்னிடம் பேசியவருடையதும்தானே? என் மரபணு விவரத்தில் என் தங்கையின் விவரமும் இருக்கிறதே? 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு வேறு அடித்தளத்தைப் போட்டது. அந்தரங்கம் என்பது உயிர் வாழும் உரிமையின் பகுதி, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் உரிமை என்றது. உயிரும் கண்ணியமும் விற்பனைக்கு வருவதில்லை. 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நம்மைத் தரவின் உரிமையாளர் என்று அழைப்பதில்லை. ஆனால் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், தவறைத் திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம் என்கிறது. உரிமையாளராக இருந்து ஒரு தடவை விற்றிருந்தால் இதில் ஒன்றும் நமக்கு மிஞ்சியிருக்காது.

இந்தச் சட்டம் சறுக்கும் இடம் வேறு. தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அந்தத் தொகை முழுவதும் இந்தியத் தொகுப்பு நிதிக்கு, அதாவது அரசின் கஜானாவுக்குப் போகும். விவரம் கசிந்த மனிதருக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. வங்கி விவரம், உடல்நலத் தகவல் போன்றவை ஒரு நிறுவனத்தின் அலட்சியத்தால் கசிந்தால் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்க, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்ற பிரிவு உண்டு. புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது அந்தப் பிரிவை நீக்கிவிடுகிறது. அடுத்த திருத்தத்தில் முதலில் திரும்ப வர வேண்டியது அந்த இழப்பீடு. அதுவும் துணிக்கடையில் சொன்ன தொலைபேசி எண் உட்பட, எல்லாத் தனிநபர் விவரத்துக்கும் சேர்த்து வர வேண்டும்.